பள்ளிக்கு வந்த திரையும் ஊராட்சியின் கடமையும்

கிணற்றில் நீர் இருக்கிறது. கரையில் மோட்டாரும் இருக்கிறது. ஆயினும் வாய்க்கால் வெட்டப்படாமலும் வரப்பு கட்டப்படாமலும் இருந்தால் பயிர் விளைவதில்லை. மோட்டார் நீரை மேலே கொணரும். அதனை வேருக்குக் கொண்டு சேர்ப்பது உழவரின் கையிலேயே உள்ளது. இவ்வுண்மையை விவசாயப் பெருமக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் இதே உண்மை இன்று நமது ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் பொருந்துவதாயிருக்கிறது என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே இருந்த வகுப்பறைகளுக்குள் தொடுதிரையும் கணினியும் இணையமும் வந்து சேர்ந்துள்ளன. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. நகரத்துக் குழந்தைக்குக் கிட்டும் வசதி நமது ஊர்க் குழந்தைக்கும் கிட்ட வேண்டும் என்னும் எண்ணமே இதற்கு அடிப்படையாகும். எண்ணம் உயர்ந்தது; அதில் ஐயமில்லை. ஆயினும் கருவி வந்து சேர்வது வேறு, கல்வி வந்து சேர்வது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வாய்க்காலை வெட்டுவதில் ஊராட்சி மன்றத்திற்கும் ஊர்ப் பெரியோர்க்கும் பெரும்பங்கு உண்டு.

பூட்டியிருந்த அறை

இதனை நான் நூல்களிலிருந்து கற்றுக் கொள்ளவில்லை. எனது பிழையிலிருந்தே கற்றுக் கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் திரை ஒன்று வழங்கப்பட்டது. சுவரில் பொருத்தப்பட்டது, படம் எடுக்கப்பட்டது, பணி நிறைவுற்றதாகக் குறிக்கப்பட்ட தாளில் நானும் கையொப்பமிட்டேன். ஓராண்டிற்கும் மேலாகிய பின்னர் வேறொரு கட்டட வேலையைப் பார்வையிட அப்பள்ளிக்குச் சென்றிருந்தேன். திரை இருந்த அறை பூட்டப்பட்டிருந்தது. திறந்து பார்த்தபோது, திரையின்மேல் பழைய வேட்டித் துணி ஒன்று போர்த்தப்பட்டு, அதன்மீது தூசி படிந்திருந்தது. நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அருகே வந்து, அதனை இன்றைக்குப் போடுவார்களா என்று வினவினாள். அவளுக்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை.

தலைமையாசிரியரை விசாரித்தேன். அவர் கூறிய காரணங்கள் மிக எளியவை. மின்னழுத்தம் ஏறியிறங்கும் ஊர் அது; கருவி பழுதுற்றால் அதன் விலை தம்மிடமிருந்து பிடிக்கப்படுமோ என்று அவர் அஞ்சினார். பழுது நீக்க எவரை அழைப்பது என்பதும் அவருக்குத் தெரியாது. கட்டடம் ஒன்றியத்தினுடையது, கருவி கல்வித் துறையினுடையது, மின் கட்டணம் யாரைச் சார்ந்தது என்பதில் குழப்பம். மூவருக்குச் சொந்தமான பொருள் ஒருவருக்கும் சொந்தமில்லாத பொருளாய் விட்டது. அவர் சோம்பியவர் அல்லர். அவரை அச்சத்தில் விட்டது எங்கள் ஏற்பாடேயாகும். பொருத்தியதோடு பணி முடிந்ததென நான் கையொப்பமிட்டது பிழையென்று அன்று உணர்ந்தேன்.

முந்திய அனுபவங்கள் கூறுவன

இத்தகைய முயற்சி நமது நாட்டிற்குப் புதிதன்று. 1956-ஆம் ஆண்டில் புனே வானொலி நிலையத்தைச் சார்ந்த பகுதியில், ஏறத்தாழ 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தப் பெற்றது. கிராமத்தார் சிறு குழுவாக அமர்ந்து வானொலியில் விவசாயம், சுகாதாரம், கல்வி முதலியவை பற்றிய உரைகளைக் கேட்பர். கேட்டு முடித்த பின்னர் தமக்குள் கலந்துரையாடி, தமது ஊரில் செய்யத்தக்கது யாதென முடிவு செய்வர். இக்கிராமங்களையும், வானொலி இருந்தும் கலந்துரையாடும் குழு இல்லாத கிராமங்களையும், வானொலியே இல்லாத கிராமங்களையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். கேட்டுக் கலந்துரையாடிய கிராமங்களில் அறிவு நன்கு வளர்ந்திருந்தது. வானொலி மட்டும் இருந்த கிராமங்களில் அவ்வளவு வளர்ச்சி காணப்படவில்லை. பெட்டி எங்கும் ஒன்றே; பெட்டியைச் சுற்றி அமர்ந்தவர்கள் செய்த செயலே வேறு.

தஞ்சைப் பகுதி உழவர்கள் ஏ.டி.டி. 27 என்னும் நெல்லை மறந்திருக்க மாட்டார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த அந்த ரகம் 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு வாயிலாகப் பெரிதும் பரவியமையால், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. வானொலி செய்தி சொல்லிற்று. ஊரில் விரிவாக்கப் பணியாளர் விளக்கினார். அண்டை வயலில் விளைந்ததை உழவர் கண்ணால் கண்டார். மூன்றும் சேர்ந்தே ஒரு நெல்லை ஊரூராகக் கொண்டு சென்றன.

பின்னர் 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், செயற்கைக் கோள் வழியே ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி அளிக்கப்பட்டது. 2004-இல் கல்விக்கெனவே எடுசாட் என்னும் செயற்கைக் கோள் விண்ணில் ஏவப்பட்டது. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப் பெற்றது. அடுத்த ஆண்டிலேயே பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டில் கருவி இருந்த குழந்தைக்கும் இல்லாத குழந்தைக்கும் இடையிலுள்ள வேற்றுமை எல்லோருக்கும் புலனாயிற்று. 2021-இல் இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டம் தன்னார்வலர்களைத் தெருவுக்குத் தெரு அனுப்ப நேர்ந்தமைக்கு அதுவே காரணம்.

அயல்நாட்டு அனுபவம் ஒன்றும் நமக்குப் படிப்பினையாகும். தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாடு மாணவர்களுக்கு மடிக்கணினிகளைப் பெருந்தொகையாக வழங்கியது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது, கணக்கிலும் மொழியிலும் மாணவரின் தேர்ச்சி உயர்ந்ததாகத் தெரியவில்லை. இதற்கு மாறாக, 2015-இல் தில்லியில் நடந்த ஓர் ஆய்வில், ஒவ்வொரு மாணவரும் எந்நிலையில் இருக்கிறார் என்பதைக் கணினி அறிந்து அந்நிலைக்கேற்ற பயிற்சியை அளித்தபோது, சில மாதங்களிலேயே கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் காணப்பட்டது. ஏழாம் வகுப்பில் அமர்ந்திருந்தும் மூன்றாம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் குழந்தைக்கு, அது தடுமாறும் இடத்திலிருந்தே தொடங்கிக் கற்பிப்பதே பயன் தந்தது. கருவியை எதற்காக, எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதே முதன்மையான வினா என்பது இவற்றால் விளங்கும்.

பத்து நிமிடம் காட்சி, இருபது நிமிடம் பேச்சு

வகுப்பில் இதனை எங்ஙனம் கையாளுவது? எடுத்துக்காட்டாக, வேர் நீரை உறிஞ்சும் பாடத்தை எடுத்துக் கொள்வோம். மண்ணுக்கடியில் நடப்பதைக் கண்ணால் காண இயலாது. திரையில் வேர்த்தூவிகளைப் பெருக்கிக் காட்டும்போது குழந்தை அதனைத் தெளிவாக அறிகிறது. இங்கே திரை உண்மையாகவே உதவுகிறது. ஆனால் தும்பைச் செடியின் இலை எவ்வாறிருக்கும் என்பதற்குத் திரை எதற்கு? பள்ளிச் சுவரோரத்திலேயே தும்பை முளைத்திருக்கிறது. கண்முன்னே இல்லாததைக் காட்டவே திரை. இருப்பதைக் கையில் எடுத்தே காட்ட வேண்டும்.

காட்சி பத்து நிமிடத்திற்கு மேற்படாமல் இருத்தல் நலம். அதற்கு முன்னர் ஆசிரியர் ஒரு வினாவை எழுப்ப வேண்டும்: “உச்சி வெயிலில் நாற்று நட்டால் ஏன் வாடுகிறது?” இடையில் ஓரிடத்தில் காட்சியை நிறுத்தி, அடுத்து என்ன நிகழும் எனக் கேட்க வேண்டும். முடிந்த பின்னர் இருபது நிமிடம் குழந்தைகள் பேசவும், வரையவும், எழுதவும் வேண்டும். புனே கிராமங்கள் கற்பித்த பாடமும் இதுவே. காட்சியை ஓடவிட்டு ஆசிரியர் வேறு பதிவேடு எழுதச் சென்று விடுவாராயின், அவ்வகுப்பு திரைப்படக் கொட்டகையாகிவிடும்.

2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியால் அதனைக் காட்டினால் பாடத்திற்குரிய காட்சி திறக்கும். மாலையில் வீட்டில் தாயோ தந்தையோ பத்து நிமிடம் குழந்தையுடன் அமர்ந்து அதனைப் பார்க்கலாம். எழுத்தறியாத பெற்றோரும் இவ்வாறு குழந்தையின் படிப்பில் பங்கு கொள்ளலாம். ஆனால் கைப்பேசியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு அகன்று விடுதல் தகாது.

மின்சாரக் கணக்கு

எந்தக் கருவிக்கும் முதல் தேவை தடையற்ற, சீரான மின்சாரம். மின் பாதையின் கடைக்கோடியில் உள்ள ஊர்களில், வயல் மோட்டார்கள் ஒருசேர ஓடும்போது 230 வோல்ட்டாக இருக்க வேண்டிய அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடுவதை விவசாயிகள் நன்கறிவர். மோட்டாரே சூடேறி எரியும் நிலையில், நுட்பமான மின்னணுக் கருவி எவ்வாறு தாங்கும்? ஆதலின் ஸ்டெபிலைசரும் நல்ல எர்த் இணைப்பும் இன்றியமையாதவை. எர்த் குழி கோடையில் உலர்ந்துவிடாமல் அவ்வப்போது நீர் ஊற்றி வருவது ஒரு குடம் தண்ணீரில் முடியும் காரியம். இடி மின்னல் காலத்தில் கருவியின் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கி வைக்கும் பழக்கமும் வேண்டும்.

மின்தடையைச் சமாளிக்க இன்வெர்ட்டர் வைப்பதாயின், அதற்குரிய கணக்கை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம். ஒரு பெரிய தொடுதிரைக்குச் சுமார் 200 வாட், பழைய வகை மின்விசிறி இரண்டிற்கு 150 வாட், எல்.இ.டி. குழல் விளக்கு இரண்டிற்கு 40 வாட். ஆக 390 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்குவது 1,800 வாட்-மணி. பாட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமாயின் அதில் பாதியையே, அதாவது 900 வாட்-மணியையே, பயன்படுத்த வேண்டும். இன்வெர்ட்டரில் வீணாவது போக, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வகுப்பு நடக்கும். மின்விசிறிகளை மட்டும் 30 வாட் அளவில் ஓடும் புதிய வகையாக மாற்றினால் மொத்தத் தேவை 300 வாட்டாகக் குறையும். அதே பாட்டரியில் இரண்டரை மணி நேரம் கிடைக்கும். பெரிய பாட்டரி வாங்குவதற்கு முன்னர் விசிறியை மாற்றுவதே சிக்கனம் என்பது இக்கணக்கால் புலப்படும்.

வெயில் நிறைந்த நமது மாநிலத்தில் 1 கிலோவாட் சூரிய மின் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் அளவு மின்சாரம் தரவல்லது. ஒரு வகுப்பறையின் தேவைக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் தகட்டின்மீது படியும் புழுதியை மாதம் இருமுறையேனும் துடைக்கவும், பாட்டரியில் வாலை வடிநீரின் அளவைப் பார்க்கவும் ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும். இதனைச் செய்யாத இடங்களில் தகடு கூரையில் இருந்தும் விளக்கு எரிவதில்லை.

இணையக் கணக்கு

இணையம் இன்றேல் திரை பயனற்றது என்பது தவறான எண்ணம். பத்து நிமிடக் காட்சி ஒன்று, சாதாரணத் தெளிவில், ஏறத்தாழ 75 மெகாபைட் இடத்தைக் கொள்ளும். 64 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்றில் அத்தகைய காட்சிகள் சுமார் 800 அடங்கும். ஆகவே ஒரு பருவத்திற்குத் தேவையான பாடங்களை இணையம் நன்கு கிடைக்கும் இடத்தில், கிடைக்கும் நேரத்தில், முன்னரே இறக்கி வைத்துக் கொள்ளலாம். ஏரி நிரம்பும்போது தேக்கி, கோடையில் பாய்ச்சுவது போன்றதே இதுவும்.

மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனியே கணினியில் பயிலும் இடங்களில் நிலைமை வேறு. முப்பது பேர் ஒரே நேரத்தில் தனித்தனிக் காட்சி பார்ப்பதாயின், நொடிக்கு 30 மெகாபிட் வேகம் தேவை. ஊராட்சி அலுவலகத்திற்குக் கண்ணாடி இழை இணைப்பு வந்துள்ள ஊர்களில், அதனைப் பள்ளி வரையில் நீட்டிக் கொள்ள இயலுமா என்பதை மன்றம் ஆராய வேண்டும். அலுவலகமும் பள்ளியும் பல ஊர்களில் ஒரே தெருவில் இருப்பதால், இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

அறையும் அமைப்பும்

திரை பொருத்தும் சுவரைத் தெரிந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சன்னலுக்கு நேர் எதிரே வைத்தால் கண்கூசும்; மழைக்காலத்தில் ஈரம் கசியும் சுவரில் வைத்தால் கருவி கெடும். தரையில் அமர்ந்திருக்கும் முதல் வகுப்புக் குழந்தையின் கண்மட்டத்தைக் கருதியே உயரத்தை அமைக்க வேண்டும். கடைசி வரிசை திரையிலிருந்து 6 மீட்டர் தொலைவில் இருக்குமாயின், எழுத்து குறைந்தது 3 சென்டிமீட்டர் உயரம் இருத்தல் நலம். கடைசிக் குழந்தையை அமர வைத்து, திரையிலுள்ளதைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பதே இதற்குரிய நேர்மையான சோதனை. அணிலும் எலியும் கம்பியைக் கடிப்பது கிராமப் பள்ளிகளில் அடிக்கடி நிகழ்வதாகையால், கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்துதல் அவசியம்.

ஊரே பாடமாகட்டும்

கருவியின் சிறந்த பயன், வெளியுலகை ஊருக்குக் காட்டுவதோடு முடிவதில்லை; தமது ஊரைத் தாமே அளந்தறியக் குழந்தைகளைப் பழக்குவதிலும் உள்ளது. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரம் ஒன்றும், ஓர் அளவுகோலும் இருந்தால் மழைமானி ஆயிற்று. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதிக் கணினியில் பதியலாம். 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர். ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர். இந்தக் கணக்கைத் தன் தந்தையின் நிலத்திற்குப் போட்டுப் பார்க்கும் குழந்தைக்குப் பெருக்கல் வாய்பாடு கசப்பதில்லை.

பள்ளியை அடுத்த பொதுக்கிணறு ஒன்றின் நீர்மட்டத்தை, ஆசிரியர் அல்லது பெரியவர் ஒருவரின் துணையோடு, திங்களுக்கு இருமுறை கயிறு விட்டு அளக்கலாம். மழையளவையும் நீர்மட்டத்தையும் ஒரே வரைபடத்தில் திரையில் இட்டால், மழை பெய்து எத்தனை நாளில் ஊற்று ஏறுகிறது என்பது கோடாகத் தெரியும். ஓராண்டு அளந்து வைத்த கணக்கு, கிராம சபையில் ஏரி தூர்வாருவது பற்றிய விவாதத்திற்கே ஆதாரமாகலாம். செயற்கைக் கோள் படத்தில் தமது ஊர் ஏரியையும் அதற்கு நீர் கொணரும் வாய்க்காலையும் குழந்தைகள் தாமே கண்டறிந்து, எவ்விடத்தில் வாய்க்கால் மறைந்து போயிற்று என நேரில் சென்று பார்த்து வரலாம். படிப்பும் ஊர்நலமும் இரண்டல்ல என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் பாடம் வேறில்லை.

ஊராட்சி செய்ய வேண்டுவன

பள்ளி கல்வித் துறையின் பொறுப்பு. நமக்கென்ன என்று எண்ணுதல் பொருந்தாது. 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ்த் தொடக்கக் கல்வி ஊராட்சி ஒன்றியங்களைச் சார்ந்தமையால்தான், இன்றும் நமது பள்ளிகளின் பெயர்ப் பலகையில் ‘ஊராட்சி ஒன்றியம்’ என்னும் சொற்கள் விளங்குகின்றன. அரசியலமைப்பின் 11-ஆம் அட்டவணை ஊராட்சிகளுக்குரியதாகக் கூறும் 29 பொருள்களில் தொடக்க, இடைநிலைக் கல்வியும் ஒன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடமுண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டுவதும் இக்குழுவின் கடமையே. ஆகவே கீழ்க்கண்டவற்றை ஒவ்வோர் ஊரிலும் மேற்கொள்ளலாம்:

1. பள்ளியிலுள்ள கருவிகள் யாவை, எந்நாளில் வந்தன, உத்தரவாதக் காலம் எதுவரை, பழுது நீக்க யாரை எந்தத் தொலைபேசி எண்ணில் அழைப்பது என்பவற்றை ஒரே தாளில் எழுதி, வகுப்பறைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

2. திரை எத்தனை மணி நேரம், எப்பாடத்திற்குப் பயன்பட்டது என்பதற்குச் சிறு குறிப்பேடு வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழு திங்கள்தோறும் அதனைப் பார்வையிட வேண்டும். குறை காண்பதற்காக அன்று. தடை யாதென அறிந்து நீக்குவதற்காகவே.

3. நியாயமான பயன்பாட்டில் ஏற்படும் பழுதிற்கு ஆசிரியர் பொறுப்பாளி ஆகார் என்பதைக் குழு தீர்மானமாக எழுதி, உரிய அலுவலருக்கு அனுப்பி, எழுத்து வடிவில் உறுதி பெற முயல வேண்டும். இந்த ஒரு தாள் பல அறைகளின் பூட்டைத் திறக்கும்.

4. மின் கட்டணம், பாட்டரி, சிறு பழுது ஆகியவற்றிற்கு ஆண்டுத் தேவையை முன்கூட்டியே கணக்கிட்டு, ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க இயலுவதைச் சேர்க்க வேண்டும். பாட்டரி சில ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டிய பொருள் என்பதை மறத்தல் ஆகாது.

5. ஊரில் மின்பணியோ கணினியோ அறிந்த இளைஞர் ஒருவரையும் பெண் ஒருவரையும் ஆசிரியருக்கு உதவியாக அமர்த்திக் கொள்ளலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களில் கணக்கெழுதிப் பழகிய பெண்கள் இதற்கு மிகவும் ஏற்றவர்கள்.

6. விடுமுறைக் காலத்தில் அறையின் காவலுக்கு ஏற்பாடு வேண்டும். களவுக்கஞ்சி ஆண்டு முழுவதும் பூட்டி வைப்பதைவிட, சன்னலுக்குக் கம்பி அடிப்பது மலிவு.

7. ஆண்டில் ஒரு கிராம சபைக் கூட்டத்திலேனும் குழந்தைகள் தமது மழைக் கணக்கையும் நீர்மட்டக் கணக்கையும் ஊரார் முன்னிலையில் படித்துக் காட்ட வாய்ப்பளிக்க வேண்டும். குழந்தை கற்றதை ஊர் நேரில் காண்பதைவிட நல்ல தணிக்கை வேறில்லை.

முடிவாக

நான் முன்னர்க் குறிப்பிட்ட பள்ளியில் பின்னர் நடந்தது யாதெனில், பள்ளி மேலாண்மைக் குழு கூடிற்று. எர்த் குழி புதிதாகத் தோண்டப்பட்டது. ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கப்பட்டது. ஆசிரியரின் அச்சத்தைப் போக்கும் வகையில் தீர்மானம் எழுதப்பட்டது. இவற்றிற்கு ஆன செலவு, திரையின் விலையை நோக்க மிகச் சிறிது. அடுத்த திங்களில் துணி அகற்றப்பட்டது. ஆயினும் வினவிய அந்த மாணவி நான்காம் வகுப்பை அதற்குள் முடித்துவிட்டாள். ஓராண்டு என்பது அலுவலகக் கோப்பிற்குச் சிறியது. குழந்தைக்கு அது மீண்டும் வாராத பருவம். ‘உழுகிறபோது ஊருக்குப் போனால் அறுக்கிறபோது ஆள் தேவையில்லை’ என்னும் பழமொழி வயலுக்கு மட்டும் உரியதன்று.

ஆதலின் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இந்த வாரத்திலேயே ஒருநாள் தங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, அங்குள்ள திரையை இயக்கிக் காட்டுமாறு ஆசிரியரை அன்போடு கேட்பார்களாக. இயங்கினால் குழந்தைகளோடு அமர்ந்து ஒரு பாடத்தைப் பார்த்து வரலாம். இயங்காவிடின் காரணம் யாதெனக் கேட்டறிந்து, அடுத்த கூட்டத்தின் முதற்பொருளாக அதனை வைப்பது நமது கடமையாகும்.